சர்க்கரை ஏறிய புரதங்கள்: நீரிழிவில் இரத்தக் குழாய் கெடும் விதம்

சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் இருக்கும் வீட்டில் இரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்றாவது கிடக்கும். அதில் எச்பிஏ1சி என்று ஒரு வரி, எதிரே 7.2 என்றோ 9.1 என்றோ ஓர் எண். 'மூணு மாசச் சர்க்கரை' என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். ஆய்வகம் அங்கே அளந்து சொல்வது ஒரு புரதத்தின் நிலையை. சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காட்டின் மேல் குளுக்கோஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே அந்த எண். 9 என்று வந்தால், நூற்றில் ஏறத்தாழ ஒன்பது ஹீமோகுளோபின் சர்க்கரை ஏறி உருமாறிவிட்டது என்று பொருள்.

சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்ந்து அழிகிறது. அதோடு உருமாறிய ஹீமோகுளோபினும் போய்விடுகிறது, புதியது வருகிறது. அந்த இரத்தம் ஓடும் குழாயின் சுவருக்கு இந்த வசதி இல்லை. சுவருக்கு உறுதி தரும் கொலாஜன் பல ஆண்டுகள் மாறாமல் இருப்பது. நெகிழ்வு தரும் எலாஸ்டின் ஏறக்குறைய ஆயுள் முழுதும் கூடவே வருவது. ஹீமோகுளோபினுக்கு மூன்று மாதத்தில் நேர்வது, இவற்றுக்கு முப்பது ஆண்டில் எந்த அளவில் நேரும்? சர்க்கரை நோயில் கண்ணும் சிறுநீரகமும் காலும் இதயமும் ஏன் கெடுகின்றன என்று தேடியவர்கள் கடந்த ஐம்பது ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குத்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள்.

அந்த ஆய்வுகளை ஒருசேர வைத்துப் பார்க்கும் முயற்சி இது. எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புரதத்தின் மேல் சர்க்கரை செய்யும் மாற்றங்களில் சில, சர்க்கரை இறங்கியதும் விரைவிலேயே சரியாகிவிடும். சில, ஆண்டுக்கணக்கில் போகாது. இந்தக் கால வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பெரிய மருத்துவ ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகத் தந்த முடிவுகள் விளங்கும். நோய் தெரிந்த முதல் சில ஆண்டுகளை வீணடிப்பதுதான் நம் ஊர் நீரிழிவுச் சிகிச்சையின் பெரிய குறை என்பதும் அப்போது விளங்கும்.

நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து மாநிலம் மாநிலமாக நடத்திய இன்டியாப் ஆய்வு 2023-இல் வெளியானது. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு நோய் இருப்பதாக அது கணக்கிட்டது.

பழுப்பேறும் புரதம்

1912-இல் லூயி கமில் மய்யார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், சர்க்கரையையும் அமினோ அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் கலவை பழுப்பாவதைப் பதிவு செய்தார். தோசை முறுகுவதும், வடை பொன்னிறமாவதும், வறுக்கும்போது காப்பிக்கொட்டை கருப்பதும் இந்த வேதிவினையால்தான். சமையல் அறிவியலில் அவர் பெயர் நிலைத்துவிட்டது. இதே வினை 37 டிகிரி உடல் சூட்டில், அடுப்பில்லாமல், மிக மெதுவாக மனித உடலுக்குள்ளும் நடக்கிறது என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ள இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அதற்கு வழிவிட்டவர் ஈரானிய மருத்துவர் சாமுவேல் ரஹ்பர். டெஹ்ரானில் நோயாளிகளின் ஹீமோகுளோபினை மின்புலத்தில் ஓடவிட்டு, வழக்கத்துக்கு மாறான வகைகளைத் தேடிக்கொண்டிருந்தார். சர்க்கரை நோயாளிகளின் இரத்தத்தில் மட்டும் ஒரு பட்டை தூக்கலாகத் தெரிவதை 1968-இல் அறிவித்தார். பீட்டா சங்கிலியின் முனையில் இருக்கும் வாலின் மீது குளுக்கோஸ் ஏறி உட்கார்ந்திருப்பதே அந்தப் பட்டைக்குக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. 1976-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆந்தனி செராமியின் குழு, சர்க்கரை கட்டுக்குள் வந்தால் இதன் அளவும் இறங்குவதைக் காட்டியது. 2010-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம், 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய் என்று முடிவு செய்யலாம் என ஏற்றுக்கொண்டது.

இந்த எண்ணைப் பற்றி நம் நாட்டுக்கு முக்கியமான ஓர் எச்சரிக்கை உண்டு. இது சிவப்பணுவின் ஆயுளை நம்பி நிற்கும் கணக்கு. இரும்புச்சத்துக் குறைவால் சோகை இருந்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய்களிலும், இரத்தம் ஏற்றிய பிறகும் குறைவாகக் காட்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்குச் சோகை. அப்படிப்பட்ட நாட்டில், ஹீமோகுளோபின் அளவைப் பார்க்காமல் எச்பிஏ1சி-யை மட்டும் வைத்து ஒரு பெண்ணுக்குச் சர்க்கரை நோய் என்று சொல்வது சரியில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஹீமோகுளோபினுக்கு நேர்வது பிற புரதங்களுக்கும் நேராதா என்று செராமியும் அவரோடு இருந்தவர்களும் கேட்டார்கள். அங்கிருந்துதான் இரத்தக் குழாயின் கதை தொடங்குகிறது. கிளைக்கேஷன் எனப்படும் இந்தச் சர்க்கரையேற்றத்துக்கு எந்த நொதியும் வேண்டாம். குளுக்கோஸ் புரதத்தின் லைசினைத் தொட்டு முதலில் தளர்வான ஒரு பிணைப்பை ஏற்படுத்துகிறது. சர்க்கரை இறங்கினால் அது விட்டுப் பிரிந்துவிடும். சில நாள் அப்படியே இருந்தால் உள்ளமைப்பு மாறி, எளிதில் பிரியாத நிலைக்கு வருகிறது. எச்பிஏ1சி நிற்பது இந்த இரண்டாம் படியில். மாதங்கள், ஆண்டுகள் கழிந்தால் இன்னும் பல மாற்றங்களுக்கு உள்ளாகி, ஏஜிஇ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இறுதி விளைபொருள்களாகிறது. இந்த மூன்றாம் படியிலிருந்து திரும்பும் வழி உடலிடம் இல்லை. அந்தப் புரதம் அழிந்து புதிதாக உருவானால்தான் உண்டு.

1984-இல் வின்சென்ட் மோனியே, ராபர்ட் கோன், செராமி மூவரும் இறந்தவர்களின் மூளையுறையிலிருந்து கொலாஜனை எடுத்துப் பார்த்தார்கள். வயதாக ஆக எல்லோருடைய கொலாஜனும் பழுப்பேறி, கரையாத் தன்மை அடைகிறது. இளம் வயதிலேயே சர்க்கரை நோய் வந்தவர்களின் கொலாஜன், அவர்களைவிட மிக மூத்தவர்களுடையதைப் போல இருந்தது. நீரிழிவைத் துரிதப்படுத்தப்பட்ட முதுமை என்று சிலர் சொல்லிவந்ததற்கு வேதியியல் சான்றாக இது அமைந்தது.

ஏஜிஇ செய்யும் கேடுகளில் எளிதில் விளங்குவது குறுக்குப் பிணைப்பு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கொலாஜன் இழைகளை அது நிரந்தரமாகச் சேர்த்துக் கட்டிவிடுகிறது. மனித உடலில் இப்படிச் சேர்ந்த பிணைப்புகளில் மிக அதிகமாக இருப்பது குளுக்கோசிபேன் என்ற மூலக்கூறு. பெருந்தமனி விறைத்துப்போனால், இதயம் ஒவ்வொரு முறை இரத்தத்தைத் தள்ளும்போதும் சுவர் விரிந்து அழுத்தத்தை வாங்கிக்கொள்ள முடியாது. மேல் அழுத்தம் ஏறும், கீழ் அழுத்தம் இறங்கும். 160/70 என்பது போன்ற அளவு நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளிடம் அடிக்கடி தென்படுவதற்கு இது ஒரு காரணம். அந்த அழுத்த வீச்சு அப்படியே சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய் மோதுகிறது. அங்கே வடிகட்டும் அடித்தளப் படலமும் கொலாஜனால் ஆனது. அதுவும் தடித்துப்போய்ப் புரதத்தைச் சிறுநீரில் கசியவிடத் தொடங்கியிருக்கும்.

குறுக்குப் பிணைப்போடு முடிவதில்லை. விறைத்த கொலாஜன், சுவருக்குள் நுழையும் எல்டிஎல் கொழுப்புத் துகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை வழியிலேயே செயலிழக்க வைக்கிறது. இரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் வலையும் சர்க்கரை ஏறினால் நெருக்கமாகப் பின்னிக்கொண்டு, சுலபத்தில் கரைவதில்லை. 1992-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்டெர்ன், ஆன் மேரி ஷ்மிட் குழு, செல்களின் மேற்பரப்பில் ஏஜிஇ-யை ஏற்கும் ரேஜ் என்ற ஏற்பியை அடையாளம் கண்டது. ஏஜிஇ இந்த ஏற்பியில் அமர்ந்ததும் செல்லுக்குள் அழற்சி மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அவற்றின் விளைவாக ரேஜ் இன்னும் அதிகமாக உருவாகிறது. தானே தன்னை வளர்க்கும் சுழற்சி அது. ஏஜிஇ-யை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். அது தளர்ந்தால் இரத்தத்தில் இவை மேலும் சேர்கின்றன. டயாலிசிஸ் நிலைக்கு வந்த நீரிழிவு நோயாளிகளின் இதயக் குழாய்கள் அவ்வளவு வேகமாகக் கெடுவதில் இதற்கும் பங்குண்டு.

குளுக்கோஸ் உண்மையில் மந்தமான மூலக்கூறு. அதைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகமாகப் புரதத்தைத் தாக்கும் மெதில்கிளையாக்சால் செல்லுக்குள்ளேயே உருவாகிறது. குளுக்கோஸை எரித்து ஆற்றல் எடுக்கும்போது தவிர்க்க முடியாமல் சிந்தும் துணைப்பொருள் இது. குளுக்கோஸ் அதிகம் எரிந்தால் இதுவும் அதிகம் சிந்தும். இதைச் சுத்தம் செய்ய கிளையாக்சலேஸ் 1 என்ற நொதி எல்லாச் செல்களிலும் இருக்கிறது. அதன் திறன் ஆளுக்கு ஆள் வேறுபடுவது, ஒரே எச்பிஏ1சி உள்ள இருவரில் ஒருவருக்குக் கண் போக, மற்றவர் தப்பிப்பதை விளக்கக்கூடும். இந்தத் துறையில் இன்னும் போதிய கவனம் பெறாத பகுதி இது என்று நினைக்கிறேன்.

விரைவில் மாறுபவை

இதுவரை சொன்னது சுவரின் நெடுங்காலப் புரதங்களைப் பற்றி. குழாயின் உட்புறத்தில், இரத்தத்தை நேரடியாகத் தொட்டுக்கொண்டு, ஒற்றை அடுக்காக ஒரு செல் படலம் இருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். ராபர்ட் ஃபர்ச்காட் 1980-இல் இந்தப் படலத்தின் அருமையைக் காட்டினார். முயலின் தமனித் துண்டுகளில் இந்தப் படலம் இருந்தால் அசிடைல்கோலின் குழாயைத் தளர்த்தியது. படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் தளரவில்லை. அது சுரப்பது நைட்ரிக் ஆக்சைடு வாயு என்று பிறகு தெரிந்தது. 1998 நோபல் பரிசை ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

சர்க்கரை நோய் முதலில் கெடுப்பது இந்தச் சுரப்பைத்தான். அதற்கு எண்டோதீலியத்தின் இயல்பும் ஒரு காரணம். இரத்தத்தில் சர்க்கரை ஏறினால், உடலின் பல செல்கள் உள்ளே வரும் குளுக்கோஸைக் குறைத்துக்கொள்ளும். எண்டோதீலிய செல்லால் அது முடிவதில்லை. வெளியே எவ்வளவோ உள்ளேயும் அவ்வளவு. கண்ணின் விழித்திரையிலும் சிறுநீரகத்தின் முடிச்சுகளிலும் உள்ள சில செல்களுக்கும் இதே நிலைதான். சர்க்கரை நோய் உடலெங்கும் இருக்க, சில உறுப்புகள் மட்டும் முதலில் அடிவாங்குவதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

உள்ளே குவிந்த குளுக்கோஸில் ஒரு சிறு பகுதி ஹெக்சோசமைன் வழி என்ற கிளைப்பாதையில் போய், குளுக்கோசமைன் வகைச் சர்க்கரையாகிறது. அதை எடுத்துப் புரதங்களின் செரின், திரியோனின் மேல் ஒட்டுவதற்கு ஒரு நொதி, பிரித்தெடுப்பதற்கு மற்றொரு நொதி என இரண்டே இருக்கின்றன. ஓ-கிளிக்நாக் என்று ஆய்வாளர்கள் அழைக்கும் இந்த ஒட்டுதலை 1984-இல் ஜெரால்ட் ஹார்ட்டும் அவருடைய மாணவரும் கண்டறிந்தார்கள். இது நோய்க்கான அறிகுறி என்று எண்ணிவிடக் கூடாது. எல்லோருடைய செல்லிலும் ஆயிரக்கணக்கான புரதங்களின் மேல் ஒட்டியும் பிரிந்தும் கொண்டிருப்பதுதான். உணவு கிடைத்ததா இல்லையா என்பதைச் செல்லுக்கு உணர்த்தும் ஏற்பாடு. அளவு மிஞ்சும்போதுதான் சிக்கல்.

என்ன சிக்கல் என்பதை 2001-இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. நியூயார்க்கில் மைக்கேல் பிரவுன்லீயின் ஆய்வகத்தினர் மாட்டின் பெருந்தமனிச் செல்களை அதிகச் சர்க்கரையில் வளர்த்தார்கள். நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் இநாஸ் என்ற நொதியை முடுக்கிவிட, அதன் 1177ஆம் இடத்தில் உள்ள செரின் மேல் பாஸ்பேட் ஏற வேண்டும். இன்சுலின் செய்யும் வேலைகளில் அதுவும் ஒன்று. அதிகச் சர்க்கரையில் அந்த நொதியின் மேல் ஓ-கிளிக்நாக் கூடியது, 1177இல் பாஸ்பேட் குறைந்தது, நொதியின் வேலையும் படுத்தது. ஒரு புரதத்தின் ஒரே ஓர் இடத்தில் நடக்கும் மாற்றம் குழாயின் தளர்வைப் பாதிக்கிறது என்று இவ்வளவு துல்லியமாகக் காட்டிய ஆய்வுகள் குறைவு.

குழாயில் ஆக்சிஜனேற்றச் சுமை கூடும்போது வேறு மாற்றங்களும் இந்த இநாஸையே குறிவைக்கின்றன. அதன் சிஸ்டீன்கள் மேல் குளுட்டாதயோன் ஒட்டினால், நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதிலாக சூப்பர்ஆக்சைடை அது உமிழத் தொடங்குகிறது. சூப்பர்ஆக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் சந்தித்தால் பெராக்சிநைட்ரைட் என்ற கொடிய சேர்மம். அது பிற புரதங்களின் டைரோசின்களில் நைட்ரோ குழுவை ஏற்றுகிறது. இரத்தத் தட்டுகள் ஒட்டாமல் காக்கும் புரோஸ்டாசைக்ளினை உருவாக்கும் நொதி இதனால் முடங்குகிறது. ஆக, குழாயைக் காக்க வேண்டிய புரதமே அதைத் தாக்கும் பொருளைச் செய்கிறது.

இவற்றையெல்லாம் ஒரே வேரிலிருந்து விளக்க முயன்றவர் பிரவுன்லீ. மைட்டோகாண்டிரியாவில் பெருகும் சூப்பர்ஆக்சைடு, குளுக்கோஸை எரிக்கும் பாதையில் உள்ள ஒரு நொதியை மந்தமாக்கி, மேலே தேங்கும் சர்க்கரையைப் பல கேடான கிளைப்பாதைகளில் திருப்பிவிடுகிறது என்றார். 2004-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் பான்டிங் உரையாகவும் இதை வழங்கினார். அழகான கோட்பாடு. ஆனால் ஆக்சிஜனேற்றம்தான் வேர் என்றால் அதைத் தடுக்கும் விட்டமின்கள் பலன் தந்திருக்க வேண்டும். 2000-இல் வெளியான ஹோப் ஆய்வில், நீரிழிவு நோயாளிகள் பலர் சேர்ந்திருந்தும், விட்டமின் ஈ இதய நோயைக் குறைக்கவில்லை. கோட்பாடு தவறு என்பதற்கு இது சான்றாகாது. சூப்பர்ஆக்சைடு உருவாகும் இடத்துக்கே விட்டமின் போய்ச் சேராமல் இருக்கலாம். எனினும், மருந்துக் கடையில் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஓ-கிளிக்நாக்கின் கைவரிசை காலிலும் தெரிகிறது. குழாய்ச் சுவரின் தசைச் செல்களில் அது கூடினால், எலும்பை உருவாக்கும் ரன்க்ஸ்2 என்ற புரதம் தூண்டப்பட்டு, தசைச் செல் எலும்புச் செல்லைப் போல நடந்துகொண்டு சுண்ணாம்பைப் படியவைக்கிறது என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். நீண்ட நாள் சர்க்கரை நோயாளியின் பாதத்தை எக்ஸ்ரே எடுத்தால், எலும்புகளுக்கு நடுவே தமனிகள் இரண்டு வெள்ளைக் கோடுகளாகத் தெரிவதைப் பார்க்கலாம். சாதாரணமாகத் தமனி எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. இப்படிப்பட்டவருக்குக் கணுக்காலில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்க்கும்போது, எவ்வளவு காற்றை ஏற்றினாலும் தமனி அமுங்காது. காலுக்கும் கைக்குமான அழுத்த விகிதம் 1.4-ஐத் தாண்டிப் போகும். 0.9-க்குக் கீழே இருந்தால்தான் அடைப்பு என்று மட்டும் படித்திருக்கும் ஒருவர், இந்த உயர்ந்த எண்ணைப் பார்த்து 'கால் நன்றாக இருக்கிறது' என்று அனுப்பிவிடும் ஆபத்து உண்டு. ஆறாத புண்ணோடு வருபவரிடம் இப்படி ஓர் எண் வந்தால், கால்விரலில் அழுத்தம் பார்க்க வேண்டும்.

குழாய் மறக்காதது

இனி மனிதர்களில் நடந்த பெரிய ஆய்வுகள். 1993-இல் முடிவு வெளியான டிசிசிடி என்ற அமெரிக்க, கனடிய ஆய்வில் டைப் 1 நோயாளிகள் 1,441 பேர். ஒரு பிரிவினருக்குத் தீவிரச் சிகிச்சை, எச்பிஏ1சி ஏறத்தாழ 7. மறு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை, ஏறத்தாழ 9. சராசரியாக ஆறரை ஆண்டில், தொடக்கத்தில் கண் பாதிப்பு இல்லாதவர்களுக்கு அது வரும் வாய்ப்பு தீவிரச் சிகிச்சையால் 76 விழுக்காடு குறைந்தது. பிறகு எல்லோருக்கும் ஒரே வகைச் சிகிச்சை. சில ஆண்டுகளில் இரு பிரிவினரின் எச்பிஏ1சியும் 8-ஐ ஒட்டி ஒன்றாகிவிட்டது. வேறுபாடும் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. 2005-இல் கணக்குப் பார்த்தபோது, முன்பு தீவிரச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இதய நோய் நிகழ்வுகள் 42 விழுக்காடு குறைவாக இருந்தன.

பிரிட்டனின் யூகேபிடிஎஸ் ஆய்வு, புதிதாக நோய் தெரிந்த டைப் 2 நோயாளிகளை எடுத்துக்கொண்டது. ஆய்வு முடிந்து ஓர் ஆண்டுக்குள் இரு பிரிவினரின் சர்க்கரையும் சமமாகிவிட்டது. பத்தாண்டு கழித்து 2008-இல் பார்த்தால், தொடக்கத்தில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு மாரடைப்பு 15 விழுக்காடும், மெட்ஃபார்மின் பெற்றவர்களுக்கு 33 விழுக்காடும் குறைவு.

அதே 2008-இல் அக்கார்டு ஆய்வு அதிர்ச்சி தந்தது. சராசரியாகப் பத்தாண்டாக நோயோடு இருந்த, இதய ஆபத்து மிகுந்த 10,251 பேர். ஒரு பிரிவினரின் எச்பிஏ1சியை 6-க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். அந்தப் பிரிவில் இறப்பு கூடியதால் தீவிரச் சிகிச்சையை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. இறப்பு ஏன் கூடியது என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. தாழ்சர்க்கரை, எடை கூடுதல் எனப் பல காரணங்கள் பேசப்படுகின்றன.

இந்த மூன்றையும் புரதங்களின் ஆயுளை வைத்துப் படித்தால் முரண்பாடு பெரிதும் தீர்ந்துவிடுகிறது. முதல் ஆண்டுகளில் சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் கொலாஜன் கெடாமல் தப்புகிறது. அந்த இலாபம் பல ஆண்டு நீடிக்கிறது. பத்து, பதினைந்து ஆண்டு கெட்ட பிறகு சர்க்கரையை இறக்கினால், இநாஸ் போன்றவை சீராகலாம், இறுகிய சுவர் அப்படியேதான் இருக்கும். இது வெறும் ஊகம் அன்று. டிசிசிடியில் பங்கேற்றவர்கள் சிலரின் தோலிலிருந்து கடுகளவு எடுத்து அதன் கொலாஜனில் சர்க்கரையேற்றத்தை அளந்தார்கள். பின்வந்த பத்தாண்டில் யாருக்குக் கண்ணும் சிறுநீரகமும் கெடும் என்பதை எச்பிஏ1சியைவிட அந்த அளவு நன்றாக முன்னுணர்த்தியது.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. எனக்கு மிகவும் வியப்பளித்தது அதுதான். டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன்களும் புரதங்களே. ஆஸ்திரேலியாவில் அசாம் எல்-ஒஸ்டாவின் குழு, மனிதப் பெருந்தமனிச் செல்களைப் பதினாறு மணி நேரம் மட்டும் அதிகச் சர்க்கரையில் வைத்துவிட்டு, பிறகு இயல்பான சர்க்கரைக்கு மாற்றியது. அழற்சியைத் தூண்டும் மரபணுவின் அருகே ஹிஸ்டோனில் மெத்தில் குறி ஒன்று ஏறியிருந்தது. ஆறு நாள் கழித்தும் அது போகவில்லை. அந்த மரபணு ஓங்கியே இருந்தது. 2008-இல் வெளியான இந்த முடிவு ஆய்வகச் செல்களில் கிடைத்தது, நோயாளியில் அன்று. ஆயினும் ஒரு நாளுக்கும் குறைவான உயர்சர்க்கரை ஒரு வாரம் வரை தடம் விடுகிறது என்பது, 'ஒரு நாள் தானே' என்று சொல்லும் நம் பழக்கத்தை யோசிக்க வைக்கிறது.

மருந்து தேடியவர்கள்

ஏஜிஇ உருவாகாமல் தடுக்கும் மருந்தென்று முதலில் நம்பிக்கை தந்தது அமினோகுவானிடின். எலிகளின் தமனிகளில் புரதங்கள் பிணைவதை அது தடுப்பதாக 1986-இல் தெரிந்தது. டைப் 1 நோயாளிகள் 690 பேரிடம் சோதித்தார்கள். சிறுநீரில் புரதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகம் செயலிழப்பதைத் தடுக்கும் என்ற முதன்மை இலக்கை எட்டவில்லை, பக்கவிளைவும் இருந்தது. அத்தோடு அது நின்றது. ஏற்கெனவே உருவான பிணைப்பை உடைப்பதாகச் சொல்லப்பட்ட அலகேப்ரியம், 2001-இல் முதியவர்களின் தமனிகளைச் சற்றே இளக்கிக் காட்டியது. பிறகு வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. 2009-இல் அதை உருவாக்கிவந்த நிறுவனத்தின் பணமும் தீர்ந்தது. குளுக்கோசிபேன் பிணைப்பை அது உடைப்பதாக யாரும் காட்டியதில்லை. அந்த மூலக்கூறை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கவே 2015 வரை ஆயிற்று. செய்தது யேல் பல்கலைக்கழகம். அதை உடைக்கும் நொதிகளைத் தேடும் வேலை இப்போதுதான் அங்கங்கே நடக்கிறது.

நம் ஊரில் கால் எரிச்சலுக்கு எழுதிக்கொடுக்கும் மாத்திரைகள் பலவற்றில் பென்ஃபோடியமின் இருக்கும். விலங்குகளில் விழித்திரையைக் காத்த மருந்து அது. சிறுநீரகம் பாதித்த நீரிழிவு நோயாளிகளிடம் சோதித்தபோது பலன் தெரியவில்லை. மஞ்சள், பட்டை, வெந்தயம், நெல்லி எல்லாம் சோதனைக் குழாயில் சர்க்கரையேற்றத்தைத் தடுப்பதாகக் காட்டும் கட்டுரைகள் ஏராளம். குழாயில் தடுப்பது ஒன்று, இரத்தக் குழாயைக் காப்பது வேறொன்று. இவற்றை நம்பி மருந்தை நிறுத்துகிறவர்கள் இழப்பது, திரும்பக் கிடைக்காத ஆண்டுகளை.

அப்படியானால் இரத்தக் குழாயை உண்மையில் காத்தது எது? டென்மார்க்கின் ஸ்டெனோ-2 ஆய்வில் 160 பேரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் சேர்த்துத் தீவிரமாகக் கவனித்தார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு இதய நிகழ்வுகள் ஏறத்தாழப் பாதியாகின. 2015-இல் எம்பாகிளிஃப்ளோசின் என்ற மருந்து, இதய நோய் உள்ள நீரிழிவு நோயாளிகளில் இதய நோயால் நேரும் இறப்பை 38 விழுக்காடு குறைத்தது. எந்த ஏஜிஇ எதிர்ப்பு மருந்தும் இதன் அருகில்கூட வரவில்லை. புகையை விடுவதும் இந்தக் கணக்கில் சேரும்: புகையிலைப் புகையிலேயே புரதத்தோடு வினைபுரிந்து ஏஜிஇ ஆக்கும் பொருள்கள் இருப்பதை 1997-இல் செராமி குழு காட்டியிருக்கிறது.

உணவிலும் ஏஜிஇ உண்டு. எண்ணெயில் பொரித்ததிலும், வறுத்ததிலும், சுட்டதிலும் அதிகம்; வேகவைத்ததிலும் ஆவியில் அவித்ததிலும் குறைவு. இவற்றில் ஒரு பகுதிதான் உடலில் சேர்கிறது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் உடல் எடை கூடிய, ஆனால் நீரிழிவு இல்லாத 38 பேருக்குப் பன்னிரண்டு வாரங்கள் ஏஜிஇ குறைந்த உணவும், ஏஜிஇ கூடிய உணவும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். குறைந்த உணவில் இன்சுலின் செயல்பாடு மேம்பட்டது. 2024-இல் வெளியான இந்த ஆய்வு சிறியது. இரத்தக் குழாயைக் காக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இட்லியும் இடியாப்பமும் ஏஜிஇ குறைந்தவை என்று மகிழ்ந்து எட்டு இட்லி சாப்பிட்டால், ஏறும் குளுக்கோஸ் உள்ளேயே ஏஜிஇயை ஆக்கிவிடும். அவித்ததை அளவோடு உண்பதும், பொரித்ததை எப்போதாவது உண்பதும் போதும்.

இனி செய்ய வேண்டியது முன்கூட்டியே தொடங்குவது. சென்னையில் ஏ. ராமச்சந்திரனும் சகாக்களும் நடத்தி 2006-இல் வெளியிட்ட தடுப்பு ஆய்வில், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள் நடை, உணவு மாற்றத்தாலேயே நோய் வரும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்துக்கொண்டார்கள். தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. பெரிய காரியம். முப்பது, நாற்பது வயதில் புதிதாக நோய் தெரிந்தவர்களை, உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாததால் மருத்துவமனைப் பக்கமே வராதவர்களை, இத்திட்டம் முதலில் தேடிப் போக வேண்டும். கருவுற்றிருந்தபோது சர்க்கரை வந்து பிரசவத்துக்குப் பின் சரியான பெண்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சிறுநீர் ஆல்புமின், விழித்திரை, பாதம், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகிய ஐந்தையும் நோய் தெரிந்த நாளிலேயே பார்த்தாக வேண்டும். இதில் எதற்கும் புதுமருந்து வேண்டாம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆண்டுதான் சர்க்கரை தெரியவந்தது என்றால், 'கொஞ்ச நாள் போகட்டும், பத்தியம் இருந்து பார்ப்போம்' என்று அவர் சொல்லும்போது விட்டுவிடாதீர்கள். இந்த மாதமே அழைத்துப் போய் மேற்சொன்ன ஐந்தையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.